நான்காம் அத்தியாயத்தின் அச்சுப்பிரதி

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்றுப் போனில் எல்லாம் நல்லபடி என்றேன். என் கணினியின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனதைச் சொல்லவில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி என்று கேட்கவும் மறந்துவிட்டேன். இப்போது குறைந்திருக்கிறதா?

பயப்பட வேண்டாம். புது டிஸ்க் வாங்கி, முன்பு எடுத்துவைத்திருந்த பேக்கப்பை அதில் ஏற்றினேன். நாம் பேசும்போது அது பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மாலைக்குள் எல்லாம் பழையபடி வந்துவிட்டது. அறைத்தோழி சுபிக்ஷா எட்டிப் பார்த்தாள்.

"ஆமா, பேக்கப் எப்ப எடுத்தது?"

"ஆகஸ்ட்ல."

"நாலாவது சாப்டர் தீபாவளிக்கு முன்னாடிதானேடி எழுதின?"

கோப்புகளைத் திறந்து தேடினேன்; நான்காம் அத்தியாயம் மட்டும் இல்லை.

ஊருக்கு வந்தபோது உங்களுக்குப் படிக்கக் கொடுத்தேனே, அந்த அத்தியாயத்தின் அச்சுப்பிரதியை உடனே கூரியரில் அனுப்புங்கள். இருபதாம் தேதி ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். பின்பக்கம் காலி என்று நீங்கள் மருந்துப் பட்டியல், குறுக்கெழுத்து எது எழுதியிருந்தாலும் பரவாயில்லை. அழிக்காமல் அப்படியே அனுப்புங்கள். என் பச்சை ஸ்வெட்டரையும் வையுங்கள்; இங்கே முனிர்காவில் குளிர் தொடங்கிவிட்டது.

தபாலுக்கு நேரமாகிறது. நேற்று சுபிக்ஷா வெளியே போனதும், முதல் பத்தியை நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதி, மேசைமேலேயே தூங்கிவிட்டேன்.

மது