அம்மா, உன் கையைக் காட்டு

அன்புள்ள அம்மாவுக்கு, மஸ்கட்டிலிருந்து யசோதரா வணக்கத்துடன் எழுதுவது. நம் ஊர் கோரமண்டலில் நீயும் தம்பி தேவாவும் சுகம்தானே?

போன வாரம் வேலையில் மயங்கி விழுந்தேன். பயப்படாதே, தேறிவிட்டேன். மூச்சிரைப்புக்கு வருஷக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தியதால், சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிக்கு மூளையிலிருந்து உத்தரவு வரவில்லையாம். டாக்டர் என் உள்ளங்கை ரேகைகளையும் ஈறுகளையும் பார்த்தார். சுரப்பியே கெட்டிருந்தால் அவை கருத்திருக்குமாம், உப்பு தின்னத் தோன்றுமாம். ரத்தப் பரிசோதனையும் செய்துதான் உறுதியாகச் சொன்னார்.

எனக்கு உடனே உன் நினைவு வந்தது. "நான் வெயில்லயே போவல, என் மூஞ்சி இன்னாடி இப்டி கருத்துப்போச்சு" என்று போனில் கேட்டாயே! நீ வெறும் உப்பை நக்குவதாகத் தேவாவும் சொல்லிச் சிரித்தான்.

நாளைக்கே டாக்டரிடம் போம்மா. தேவாவையும் கூட்டிக்கொண்டு போ. இங்கே நான் தனியாகத்தான் போனேன், நீயும் அப்படிப் போகவேண்டாம். என்னை வேலைக்குக் கூட்டிப்போகும் ஷிப்ட் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உன் மகள்,
யசோதரா