லொரென்ஸோவின் மேல் விழ வேண்டிய வெளிச்சம்

ஜூலை 3

தேர்வுத் தாள்கள் திருத்தி முடிந்தன. மதியம் தூங்கலாம் என்று படுத்தேன், தெல்ஃபினா வந்துவிட்டாள்.

பீசா பல்கலைக்கழகத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. அவள் அங்கேயே பேராசிரியர் ஆனாள். நான் ஊர் திரும்பி, ருஜ்ஜெரோவைக் கட்டிக்கொண்டு, பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். யாரும் என்னைத் துரத்தவில்லை, நானேதான் திரும்பினேன்.

புனித லொரென்ஸோ கோவிலைப் புதுப்பிக்கிறார்கள். அதன் சிற்பங்களை ஆராய அவளை அனுப்பியிருக்கிறார்கள். வாசலில் தூணைச் சுமந்து படுத்திருக்கும் சிங்கத்தின் பிடரியில் கை வைத்து, "என்ன அழகுடா நீ!" என்றாள். அதற்கு ஒரு காது இல்லை என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை. என் ஆய்வேடே இந்தக் கோவில்தான். அந்தக் காதைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதியவள் நான்.

ஜூலை 5

பங்குச்சாமியார் பியெரினோ அவளுக்குக் கோவில் சாவியையே கொடுத்துவிட்டார். நான் இன்னும் அவர் வீட்டு மணியை அடித்துத்தான் வாங்கி வருகிறேன்.

ஜூலை 14

பீடத்துக்குப் பின்னால், அரைவட்டச் சுவரில், குறுகலாக ஒரு சாளரம் உண்டு. எந்தக் காலத்திலோ செங்கல் வைத்து அடைத்தது. இந்த வசந்தத்தில்தான் உடைத்துத் திறந்தார்கள். கண்ணாடி வரும்வரை பலகை அடித்து வைத்திருக்கிறார்கள்.

இன்று தெல்ஃபினா என்னையும் சாமியாரையும் அந்தச் சாளரத்துக்கு எதிரே உள்ள தூணின் அடியில் நிற்க வைத்தாள். அதன் தலைக்கல்லில், உயிரோடு தீயில் வாட்டிக் கொல்லப்பட்ட லொரென்ஸோ இரும்புக் கம்பிகள் மேல் கிடக்கிறார். கீழே இரண்டு பேர் துருத்தி ஊதித் தீயை வளர்க்கிறார்கள். வலியே தெரியாத பெரிய முகம்.

"அவர் திருவிழா அன்னிக்குக் காலையில மலை மேல வர்ற முதல் வெயில், அந்தச் சாளரம் வழியா நேரா இவர் மேல விழும். இதைக் கட்டினவங்க அதுக்காகவேதான் இவரை இங்க வெச்சிருக்காங்க."

சாமியார் கையைத் தட்டினார். "ஆகஸ்ட் பத்துக்கு ஆயரையே கூப்பிட்டுடலாம்!"

அவள் சொன்னது உண்மை. கேட்ட கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் தாங்க முடியவில்லை. எத்தனை வருடமாக அந்தத் தூணடியில் நின்று, மாணவர்களுக்கு டார்ச் அடித்து அந்த முகத்தைக் காட்டியிருக்கிறேன்! அடைத்த சாளரம் அப்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. ஒருமுறையாவது திரும்பிப் பார்த்தேனா?

ஜூலை 20

சாப்பிடும்போது ருஜ்ஜெரோ சொன்னான்: "உன் சிநேகிதி கெட்டிக்காரிதான். கல்லைப் பாத்து மனுஷங்களைப் பத்திப் பேசுறா."

"நானும் பேசுவேனே."

"நீ கல்லைப் பாத்துக் கல்லைப் பத்தித்தான் பேசுவ, நிவேஸ்."

சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் ஒயின் ஊற்றிக்கொண்டான். நான் வாணலியைத் தேவைக்கு மேல் தேய்த்தேன்.

ஜூலை 28

மெதுவாக எழுதுகிறேன்.

தெல்ஃபினா இன்று தன் கணினியைத் திறந்து காட்டினாள். "எந்த நாள்ல சூரியன் எங்க நிக்கும்னு இது சொல்லும். இதுல 1140 போட்டேன், அதான் கோவில் கட்டின வருஷம். ஆகஸ்ட் பத்து போட்டேன். பாரு, நேரா அவர் முகத்துல!"

படம் சரி. தேதி தவறு.

1140இல் இருந்தது பழைய நாள்காட்டி. அது சூரியனை விட்டுப் பிசகிக்கொண்டே போய், கடைசியில் 1582இல் போப்பாண்டவர் பத்து நாட்களைத் தூக்கி எறிந்து சரிசெய்தார். அந்த வருடம் புனித அவிலா தெரேசா அக்டோபர் நான்காம் தேதி இரவு இறந்தார், மறுநாள் பதினைந்தாம் தேதி அடக்கம் செய்தார்கள். வருடாவருடம் இதைச் சொல்லித்தான் வகுப்பைச் சிரிக்க வைக்கிறேன். 1140க்குள் பிசகியிருந்தது ஏழு நாள். அந்தக் கொத்தர்கள் பார்த்த ஆகஸ்ட் பத்தின் சூரியன் இன்றைய கணக்கில் ஒரு வாரம் தள்ளி, பதினேழாம் தேதிதான் வரும். பத்தாம் தேதி வெளிச்சம் தூணை விட்டு விலகி, பக்கத்து வெறும் சுவரில் விழும்.

கணினி பழைய தேதியில் பதில் சொன்னது. அவள் அதை அப்படியே இந்த வருடத் திருவிழாவில் ஒட்டிவிட்டாள். பலகை இருப்பதால் முன்கூட்டிப் பார்க்கவும் வழியில்லை.

நான் "ம்" என்றேன். காப்பி குடித்தேன்.

ஆகஸ்ட் 1

சொல்லிவிடத்தான் போனேன். சத்தியமாக.

கோவிலில் புராதனச் சின்னத் துறை அதிகாரி நின்றிருந்தார். தெல்ஃபினா என்னை அறிமுகம் செய்தாள்: "இது நிவேஸ். ஸ்கூல் டீச்சர். அப்பப்போ பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து சுத்திக் காட்டுவா."

அப்பப்போவாம். சுத்திக் காட்டுவாளாம்.

சொல்லல. நான் எதுக்குச் சொல்லணும்? பேராசிரியர் அவதானே? கண்டுபிடிக்கட்டும்.

ஆகஸ்ட் 9

கண்ணாடி பொருத்திவிட்டார்கள். மாலை தெல்ஃபினா போன் செய்தாள். "நாளைக்கு மேகம் வருமாடி? பயமா இருக்கு."

"மேகமெல்லாம் வராது," என்றேன்.

ஆகஸ்ட் 10

விடியுமுன்பே கோவில் நிரம்பிவிட்டது. ஆயர் முன்வரிசையில் கொட்டாவியை மறைத்துக்கொண்டிருந்தார். ரொட்டிக் கடை செலிந்தா மடியில் விசிறியோடு, "வெயில் வர்றதைப் பாக்க வெயில் வர்றதுக்கு முன்னாடியே எந்திரிக்கணுமா?" என்று முணுமுணுத்தாள். எல்லோரும் சிரித்தோம்.

தெல்ஃபினா பேசினாள். அழகாகத்தான் பேசினாள்.

மலை மேல் சூரியன் ஏறியது. வெளிச்சம் வந்தது, பூசிய வெறும் சுவரில். தூணுக்கும் அதற்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம். லொரென்ஸோ இருட்டிலேயே கிடந்தார்.

யாரோ இருமினார்கள். செலிந்தா சத்தமாகவே கேட்டாள்: "அந்தச் சுவத்துல எந்தப் புனிதரு இருக்காரு?"

தெல்ஃபினா எதையாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று நினைத்தேன். அதற்காகக் காத்துக்கூட இருந்தேன். அவள் எல்லோரையும் பார்த்து, "நான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன். எங்கன்னு எனக்குத் தெரியல. மன்னிச்சுக்குங்க," என்றாள். குரல் உடையவில்லை. சாமியார் அவசரமாகப் பூசையைத் தொடங்கினார்.

ஒரு மாதமாக ஆசைப்பட்டது இதற்குத்தான். வாயில் எந்த ருசியும் இல்லை.

பூசை முடிந்து சிங்கத்தின் பக்கத்தில் என்னை நிறுத்தினாள்.

"எல்லாரும் அந்தக் கல்லையே பாத்துக்கிட்டு நின்னாங்க. வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே நீ மட்டும் சுவரைப் பாத்துக்கிட்டு நின்ன. உனக்குத் தெரியும்."

சிங்கத்தின் உடைந்த காதைத் தடவினேன்.

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"நீ கம்ப்யூட்டரைக் காட்டினதிலிருந்து."

ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 11

காலை ரயிலுக்குப் போகிறாள் என்று ருஜ்ஜெரோ சொன்னான். தலைகூடச் சீவாமல் ஓடினேன். நடைமேடையில் நின்றிருந்தாள். மூச்சு வாங்க நாள்காட்டிக் கணக்கு முழுவதையும் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஐயோ, தெரேசா! முதல் வருஷப் பிள்ளைகூடச் சொல்லுமே!" பிறகு, "என் மேல உனக்கு அவ்ளோ பொறாமையாடி?"

"ஆமா."

"நல்லது. இந்த ஊர்ல வேற யாரும் என்னைப் பாத்துப் பொறாமைப்படல. எல்லாரும் கைதான் தட்டினாங்க." பாதி சிரிப்பு, பாதி கோபம். ரயில் வந்துவிட்டது.

"பதினேழாம் தேதி வா," என்றேன்.

"அந்த ஜனங்க முன்னாடி இன்னொரு தடவை நிக்க என்னால முடியாது. நீ பாரு. பாத்து எனக்குச் சொல்லு."

ஆகஸ்ட் 15

வெயில். விடுமுறை நாள், ஊரே கடலுக்குப் போய்விட்டது. ருஜ்ஜெரோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சுவரையா பாத்துக்கிட்டு நின்ன?" என்று கேட்டான்.

ஆகஸ்ட் 17

நான் மட்டும். சாமியார் சாவியை நேற்றே கொடுத்துவிட்டார், வரவில்லை. தூணடியில் நின்று தெல்ஃபினாவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள், தூங்கவே இல்லை போலிருக்கிறது.

"சொல்லு."

"மலை விளிம்பு வெளுக்குது... வந்துடுச்சு. தூணுக்கு ஓரமா இருக்கு. நகருது. துருத்தி ஊதுற ஆளோட முழங்கை மேல."

"அப்புறம்?"

"கம்பி மேல. அவரு கால். வயிறு. தெல்ஃபினா, இன்னும் நகருது, மார்பு மேல—"

"முகம்?"

"முகம்."

போனில் நீண்ட மூச்சு கேட்டது. அழுதாளோ என்னவோ. "வேற?" என்றாள்.

வேறு ஒன்று இருந்தது. கண்மணிகளில் சிற்பி ஈயம் உருக்கி ஊற்றியிருக்கிறான். டார்ச் வெளிச்சத்தில் அது எப்போதும் வெறும் கருப்பாகத்தான் தெரிந்தது. இன்று அந்த இரண்டு கண்ணும் ஒளிர்ந்தன. செத்துக்கொண்டிருக்கும் மனிதன் சட்டென்று உன்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல். சாளரம் அடைபட்ட பிறகு இதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"வேற ஒண்ணுமில்ல. நீ சொன்னது அத்தனையும் சரி," என்றேன்.

கண்களைச் சொல்லவில்லை. அதை அவள் வந்து பார்க்கட்டும், நான் சொல்லித் தெரிய வேண்டாம். அதுவரை எனக்கு மட்டும் இருக்கட்டுமே.

அடுத்த ஆகஸ்ட் பதினேழுக்கு வருவதாக ஒப்புக்கொண்டாள். எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பின்னறையில் ஜன்னல் சரியாக மூடுவதில்லை, ருஜ்ஜெரோவிடம் சொல்லிச் சரிசெய்ய வேண்டும்.