பெண்பிள்ளைக்கு அண்ணா என்று பேர்

மச்சான்,

இந்த வருஷத்து முதல் பலாப்பழத்தை இன்று காலையில் வெட்டினேன். மேட்டுக்காட்டு ஓரத்து மரத்துப் பழம். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பிளந்ததும் வாசனை வீடு முழுக்க ஏறியது, எனக்கு உன்மேல் கோபம் ஏறியது. போனவர்களை நினைத்தால் மனசு இளகும் என்பார்கள். எனக்கு இளகவில்லை. நீ எதிரில் நின்றிருந்தால் பால் வடிகிற அந்தச் சக்கையை உன் முகத்திலேயே விட்டெறிந்திருப்பேன்.

உன் தங்கையை நான் கட்டுவதற்கு முன்பிருந்தே நீ எனக்குக் கூட்டாளி. அதனால் உங்கள் இருவரின் சுளைச் சண்டையை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். நல்ல சுளையாக ஒன்றை எடுத்து அவள் கைக்கு எட்டாத உயரத்தில் பிடித்துக்கொள்வாய். "அண்ணான்னு சொல்லு புள்ள, தாரேன்" என்பாய். அவளா சொல்லுவாள்? "ஒரு மழைக்கு மூத்தவனெல்லாம் அண்ணனாடா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். உனக்கும் அவளுக்கும் ஒரே வருஷம்தான் இடைவெளி. அந்த ஒரு வருஷத்துக்கு நீ மரியாதை கேட்டாய், அவள் தர மறுத்தாள். சுளை உன் வாய்க்குள் போகும். அவள் பழம் தின்னாமலே அந்தப் பருவத்தைக் கழித்துவிடுவாள். அப்படி ஒரு வீம்பு உங்கள் வீட்டு ரத்தத்தில் இருந்தது.

எங்கள் கல்யாணத்தன்றும் நீ விடவில்லை. ஊரே கூடி நிற்க, அவளை என்னோடு அனுப்பும்போது, கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாய், இன்றைக்காவது ஒரு தடவை சொல்லேன் என்று. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள். அழுகைக்கு நடுவில் "போடா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீதான் அதிகமாகச் சிரித்தாய்.

அதோடு நின்றிருந்தால் என்ன? உனக்கு இங்கே என்ன குறை? சாமை விளைந்தது, மிளகு காய்த்தது, உன் அம்மா உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிவாரத்துச் சந்தைக்கு மிளகு விற்கப் போனவன், அங்கே பட்டாளத்துக்கு ஆள் எடுத்தவர்கள் பேச்சைக் கேட்டுப் பேர் கொடுத்துவிட்டு வந்தாய். ஏன் என்று கேட்டதற்கு, கடலைப் பார்க்கணும் என்றாய். யாரோ வெள்ளைக்காரனுக்கும் இன்னொரு வெள்ளைக்காரனுக்கும் சண்டை. அதற்குள் இந்த மலைமேல் கிடக்கிற நம் குண்டனி நாட்டிலிருந்து ஒருவன் போய் மூட்டை சுமக்க வேண்டும் என்று எவன் அழுதான்? அன்றைக்கு உன்னைக் கட்டிப்போடாமல் விட்டது உன்மேல் வைத்த பிரியத்தால். அந்தப் பிரியத்தை இப்போது நினைத்தாலும் எரிகிறது.

நீ புறப்பட்டபோது உன் தங்கைக்கு ஆறு மாசம். பிறக்கிற பிள்ளைக்குத் தாய்மாமன்தான் பேர் வைக்க வேண்டும், நான் வருகிற வரைக்கும் எவரும் வைக்கக்கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு இறங்கினாய். மாமன் வாக்கு என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. இறக்கத்தில் நீ திரும்பித் திரும்பிப் பார்த்தாய். அவள் வயிற்றில் கை வைத்தபடி பாறைமேல் நின்று, "பாத்துப் போடா" என்றாள். நீ கேட்க நினைத்தது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

பெண் பிறந்தாள். உனக்கு எழுதிப் போட்டேன். பேர் மட்டும் இல்லை. பாப்பா, கண்ணு, சாமி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கூப்பிட்டோம். பிள்ளை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பேரில்லாமலே நிற்கவும் தொடங்கியது. வருகிறவர்கள் எல்லாம் பேர் கேட்பார்கள், மாமன் வரணும் என்று நான் சொல்ல, என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். என் அப்பாவுக்குத் தன் தாயின் பேரை வைக்க ஆசை. அவரைத் தடுத்து நிறுத்தி வைத்ததே எனக்குப் பெரும் பாடாகிவிட்டது. இத்தனையும் உனக்காக.

அப்புறம் ஒரு நாள், கையில் காயம் பட்டு ஊர் திரும்பிய உன் கூட்டத்துச் சிப்பாய் ஒருவன் அடிவாரத்திலிருந்து மலை ஏறி வந்தான். நீ சொல்லி அனுப்பினாயாம். இத்தாலியில் ஏதோ ஒரு மலைக்கிராமத்தில் கோவேறு கழுதைகளோடு தங்கியிருந்தீர்களாம். மலையைப் பார்த்து நம்ம ஊர் மாதிரியே இருக்கிறது என்றாயாம். பக்கத்து வீட்டில் ஒரு சின்னப் பெண். அவள் பேர் அன்னா. அவளுடைய அம்மா கோபம் வந்தால் அன்னா என்று கத்துவாளாம், கொஞ்சும்போது அன்னீனா, நீனா என்பாளாம். அதைக் கேட்டு நீ விழுந்து விழுந்து சிரித்தாயாம். அந்தச் சிப்பாய்க்கு ஏன் என்று புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது.

"அதே பேரைத்தான் வெக்கோணும்னு சொல்லச் சொன்னானுங்க. இனிமே என் தங்கச்சி தப்பிக்க முடியாதுன்னு சொல்லச் சொன்னானுங்க" என்றான் அவன்.

உன் தங்கைக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கூழ்ச்சட்டியைக் கீழே வைத்த வேகத்தில் அது விரிசல் விட்டுவிட்டது. உன் அம்மா மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். என் அப்பா ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார், "ஏனுங்க, நாளைக்கு இவளைக் கட்டிக்கறவன் பொண்டாட்டிய அண்ணான்னா கூப்புடுவான்?" எனக்குச் சிரிப்பு வந்தது என்பது உண்மைதான். பேர் சொல்லி அனுப்பினவன் வரட்டும், அவன் வாயாலேயே பிள்ளையைக் கூப்பிடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று உன் தங்கை முடித்துவிட்டாள்.

நீ வரவில்லை. மணியக்காரர் வந்தார். செம்மேட்டிலிருந்து நடந்தே வந்தவர், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நின்றபடியே சொன்னார். எந்த மலையில், எப்படி என்று அவருக்கும் தெரியவில்லை. எரிக்கவும் புதைக்கவும் எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். உன் தங்கை அழவில்லை. காரியம் முடிந்த மறுநாள் என்னிடம் வந்து, அவன் சொன்ன பேரே இருக்கட்டும் என்றாள். நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.

அம்மன் கோயிலில் வைத்துப் பேர் சூட்டினோம். மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை என் மடியில் உட்கார்ந்தது. மாமன் காதில் சொல்ல வேண்டிய பேரை நான் சொன்னேன். அன்னா, அன்னா, அன்னா என்று மூன்று தடவை. உன் வேலையை நான் செய்துகொண்டிருந்தேன் மச்சான். பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தேன். பூசாரி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திருநீறு கொடுத்தார்.

பேர் வைத்தாளே தவிர, அந்தப் பேரை உன் தங்கை சொல்லவில்லை. நீனா என்றுதான் கூப்பிட்டாள். சோறு ஊட்டும்போது நீனா, குளிப்பாட்டும்போது அன்னீனா. அந்த இத்தாலிக்காரி பிள்ளையைக் கொஞ்சுவதற்கு வைத்திருந்த பேர் இவளுக்கு ஒளிந்துகொள்ள இடமாகிவிட்டது. ஊராரும் நீனா என்றே பழகிவிட்டார்கள். பரவாயில்லை, பேர் அழகாகத்தான் இருக்கிறது, இப்படியே ஓடிவிடும் என்று நானும் நினைத்தேன்.

போன மிளகுப் பறிப்பில்தான் அது நடந்தது. நான் மரத்தில் இருந்தேன். உன் தங்கை கீழே கொத்துகளைக் கூடையில் சேர்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பட்டாம்பூச்சியோ எதுவோ ஒன்றைத் துரத்திக்கொண்டு காட்டின் ஓரத்துக்குப் போய்விட்டது. அந்த ஓரம் உனக்குத் தெரியும், அதற்கு அப்பால் பள்ளம்தான். நான் மேலிருந்து பார்த்ததும் இறங்கத் தொடங்கினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணா!"

மலை முழுக்கக் கேட்டிருக்கும். நீனா என்று வரவில்லை, அந்த ஊர்க்காரர்கள் சொல்லுகிற அன்னா என்றும் வரவில்லை. நம் ஊர் வாயில் வருகிற அண்ணாதான் வந்தது. பிள்ளை பயந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. நான் விழுந்தடித்து இறங்கி ஓடித் தூக்கினேன். தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தால், உன் தங்கை கொட்டிய மிளகுக்கு நடுவில் உட்கார்ந்து, மணியக்காரர் வந்த அன்று அழாத அழுகையை அழுதுகொண்டிருந்தாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். காரியம் முடிந்ததிலிருந்து எங்களோடேயே இருக்கிற உன் அம்மா குடிசைக்குள் படுத்திருந்தாள். சத்தம் கேட்டு வெளியே ஓடி வந்தவள் பிள்ளையையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் பாறைமேல் ஏறி நின்று, அடிவாரத்திலிருந்து வருகிற வழியைப் பார்த்தாள். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். மகன் வருகிறபோது தலைவிரிகோலமாக நிற்கக்கூடாது என்று முடிந்தாள் மச்சான்.

அன்றிரவே பேரை மாற்றிவிடலாம் என்றேன். என் அப்பாவின் தாய் பேரோ, அம்மன் பேரோ, எது வேண்டுமானாலும் இருக்கட்டும் என்றேன். உன் தங்கை மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "ஒருக்காகூட அவனை அப்படிக் கூப்புட்டதில்லீங்க. இனிமே எங்க போயிக் கூப்புடுவேன்?" என்றாள்.

இப்போதெல்லாம் நீனா இல்லை. சோற்றுக்கும் அண்ணா, தூக்கத்துக்கும் அண்ணா, சேட்டை செய்தால் அடிக்கக் கை ஓங்கியபடியும் அண்ணா. ஒரு சுளையைக் காட்டி ஆயுசு முழுக்கக் கேட்டாயே, அந்த வார்த்தை இங்கே இறைந்து கிடக்கிறது. பொறுக்கிக்கொள்ள நீ இல்லை. கேலி செய்கிறவன் கேலி பலிக்கிறபோது பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேலியே செய்யக்கூடாது. இதுகூடத் தெரியாதவனா நீ?

உன் அம்மாவுக்கு மகன் இல்லை என்று நன்றாகத் தெரியும். பேத்தியின் பேரும் தெரியும். ஆனாலும் உள்ளே வேலையாக இருக்கும்போது வெளியிலிருந்து அந்தக் குரல் கேட்டுவிட்டால், நினைவு வருவதற்கு முன்னால் கால் வந்துவிடுகிறது. நேற்றும் வந்தாள். உன் தங்கை பிள்ளையோடு ஊற்றுப் பக்கம் போயிருந்தாள், வாசலில் நான்தான் இருந்தேன்.

"வந்துட்டானுங்களா மாப்ள?"

"இல்லீங்க அத்தை. புள்ளையக் கூப்புட்டா."

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். நாளைக்கும் வருவாள். நாளைக்கும் அவளுக்கு நான் அதையேதான் சொல்ல வேண்டும்.