நான் அடித்துவிட்ட வரி

உமக்கு,

இன்று காலை தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் ஈரச் சட்டை மேல் கரிப்பெட்டியை வைத்தார். உஸ்ஸென்று ஆவி எழும்பியது. கரியும் கஞ்சியும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும், நீர் கடை திறந்துவிட்டீர் என்று நினைத்து அந்தப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டேன். நீர் கண்ணை மூடி நான்கு மாதமாகிறது. என் காலுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அப்படியே வீட்டுக்குத் திரும்பி இதை எழுத உட்கார்ந்தேன். வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஊருக்கெல்லாம் மனு எழுதியவன், உமக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் சிநேகிதருக்கு யார்தான் கடிதம் எழுதுவார்கள்?

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, உம் கை நின்றுபோன வருடம். உம் அப்பா இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அவர் நடத்திய தையல் கடையில், அவருடைய மேஜை முன்னால் நின்று, ஒரு வெள்ளை டெரிகாட்டன் துணியில் கோடு போட்டுவிட்டுக் கத்திரியை எடுத்தீர். விரல் வளையத்துக்குள் போனது, ஆனால் மடங்கவில்லை. தைக்கச் சொன்னால் அதே கை தைத்தது, காஜா எடுத்தது, காப்பி டம்ளரைப் பிடித்தது. புதுத்துணியில் கத்திரியை வைத்தால் மட்டும் கட்டையாகிவிடும். நான் முதலில் நம்பவில்லை. நீர் வேலைக்குச் சுணங்குகிறீர் என்றுகூட நினைத்தேன்.

கடையைக் காப்பாற்றியது உம் வீட்டுக்காரம்மாள்தான். நீர் கோடு போட்டுக் கொடுப்பீர். அவர் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வெட்டித் தருவார். வெளியே ஒருவருக்கும் தெரியாது. ஒருநாள் என் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, இவுக மிஷினை வித்துட்டுத் திருப்பூருக்குப் போறேங்காக. பனியன் கம்பெனியில மூட்டை தூக்கப் போறாகளாம். கத்திரியத் தொடாத வேலை எதுவானாலும் சரியாம். நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்க."

பன்னிரண்டு வயதில் கத்திரி பிடித்தவர் நீர். மூட்டை தூக்கப் போனால் என்ன ஆவீர் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்துதான் நாம் வைத்தியம் தேட ஆரம்பித்தோம்.

நம் ஊர்க் கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைக் குழைத்து மணிக்கட்டு வரை பூசினோம். ஊசி போட்டோம். பாளையங்கோட்டையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பிலும் நரம்பிலும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, மதுரையில் ஒரு டாக்டரின் விலாசத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து நான்தான் படித்தேன். மனநோய் மருத்துவர் என்று இருந்தது. நீர் சீட்டைப் பிடுங்கிச் சட்டைப்பையில் திணித்தீர்.

"எனக்கு என்ன பைத்தியமா வே? கைதானே வரமாட்டேங்கு?"

"கை கோர்ட்டு அமீனா மாதிரி வே. உத்தரவு மேல இருந்துல்லா வரணும்" என்றேன். எனக்கு அர்த்தம் தெரிந்து சொன்னதில்லை, வாய்க்கு வந்தது.

மனசு சரியில்லாதவர்களை எங்கெங்கிருந்தோ நம் ஊருக்குக் கூட்டிவந்து, குணமாகட்டும் என்று அம்மன் சன்னதிச் சக்கரக் குழியில் உட்கார வைக்கிறார்கள். நாம் என்னடாவென்றால் அதே காரியத்துக்கு நம் ஊரிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறினோம். கேட்டவர்களிடம் துணி எடுக்கப் போகிறோம் என்றோம். பொய்யை நிலைநிறுத்த வாராவாரம் லைனிங் துணி வாங்கி வந்ததில், உம் வீட்டில் அது மலையாகக் குவிந்தது.

முதல் பயணத்தில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். சாட்சியைக் கூண்டில் ஏற்றும் முன் தயார்ப்படுத்துவது என் தொழில். கரிவலம்வந்தநல்லூர் தாண்டியதும் மடியில் தாளை வைத்து, டாக்டரிடம் நீர் சொல்ல வேண்டியதை வரிசையாக எழுதினேன். நீர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னீர்:

"நான் வெட்டும்போது எங்கப்பா பின்னாலயே நிப்பாரு. 'ஏலே, துணியப் பாழாக்கிராதலே'ம்பாரு. இவரு போயிட்டா நிம்மதியா வெட்டலாம்னு ஒருநா நெனச்சேன். ரெண்டே வாரத்துல போயிட்டாரு. அதையும் எழுதும்."

எழுதினேன். எழுதிய கையோடு அடித்தும் விட்டேன்.

"இது எதுக்குவே? கேஸுக்குச் சம்பந்தமில்ல. டாக்டர் உம்மைப் பத்தி என்ன நெனப்பாரு?"

ராஜபாளையம் தொடங்கி மதுரை வரை மிச்சத்தை மனப்பாடம் செய்ய வைத்தேன். நீர் உள்ளே போய் ஒரே மூச்சில் ஒப்பித்திருக்கிறீர். டாக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்லாச் சொன்னீங்க. யார் எழுதிக் கொடுத்தாங்க?" என்றாராம். வெளியே வந்தபோது நீர் சிரித்துக்கொண்டிருந்தீர். உம் அப்பா இறந்தபின் அன்றுதான் உம் பல்லைப் பார்த்தேன்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆனால் அதைவிட, உள்ளே என்னதான் செய்கிறார்கள் என்ற ஆவல் தாங்கவில்லை. டாக்டரிடம் நேரே கேட்டேன். கைக்கு மாத்திரை கிடையாது, வாரம் ஒரு முறை முக்கால் மணி நேரம் வந்து பேச வேண்டும் என்றார்.

"என்ன பேசணும்னு சொன்னீங்கன்னா நான் தயார் பண்ணிக் கூட்டிட்டு வந்துருதேன்."

"தயார் பண்ணாம வரணும். வைத்தியமே அதுதான்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, கொஞ்சம் விளக்கினார். "தாங்க முடியாததை மனசு தனக்கே தெரியாம ஒளிச்சு வச்சிடும். ஆனா அது சும்மா இருக்காது. வேற ஆள்கிட்ட, வேற இடத்துல, அதையே திரும்பத் திரும்ப நடத்திக் காட்டும். என்கிட்டயும் ஒருநாள் நடத்திக் காட்டுவார். அப்ப ரெண்டு பேருமாப் பாப்போம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் டாக்டரின் மாடி அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருப்பேன். திரும்பும் பஸ்ஸில் உம்மைக் குறுக்கு விசாரணை செய்வேன்.

"இன்னைக்கு என்ன பேசினீரு?"

"ஒண்ணும் பேசல. பாதி நேரம் ரெண்டு பேரும் சும்மா இருந்தோம்."

"சும்மா இருக்கதுக்கா வே மதுரை வரைக்கும் போறோம்?"

மூன்றாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மூடிய கதவைத் தாண்டி உம் சத்தம் கேட்டது. "பின்னால உக்காந்து என்னத்தய்யா எழுதுதீரு? நான் ஒழுங்காப் பேசுதேனான்னு மார்க்கா போடுதீரு?" டாக்டர் உம் நாற்காலிக்குச் சற்றுப் பின்னால், ஒரு ஓரமாக நோட்டோடு உட்காருவார் என்று நீர் சொல்லியிருந்தீர். சரி, கேஸ் டிஸ்மிஸ் என்று நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

கண் வீங்கி வெளியே வந்தீர். பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியது. பிறகு மெதுவாகச் சொன்னீர்.

"அவரு கோவப்படல வே. இதே கோவம் இதுக்கு முன்னால யார்மேல இருந்துச்சின்னு கேட்டாரு. எங்கப்பா மேலன்னு வாயில வந்துட்டு. அப்புறம் நீரு அடிச்சீருல்லா ஒரு வரி, அதையும் சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. மூஞ்சியச் சுழிக்கவும் இல்ல." என் பக்கம் திரும்பினீர். "ஆமா, உமக்கு ஏன்வே அந்த வரி மட்டும் ஆகல?"

ராஜபாளையத்தில் இறங்கிக் காப்பி குடிப்போமா என்று கேட்டேன். நீர் சரி என்றீர். அதற்கப்புறம் அந்தக் கேள்வியை நீர் கேட்டதே இல்லை.

பல நாள் யோசித்து எனக்குப் பிடிபட்டது இதுதான். நினைத்த நினைப்பே அப்பாவைக் கொன்றுவிட்டது என்று உமக்குள்ளே எவனோ தீர்ப்பு எழுதி, கையைக் கட்டிப் போட்டிருக்கிறான். தீர்ப்பு ஒன்று இருப்பதே உமக்குத் தெரியாது. பிறகு எங்கே அப்பீல் செய்வது? அதைத் தேடி எடுத்துப் படித்துப் பார்க்கத்தான் அந்த மாடி அறை. டாக்டர் இதை எப்படிச் சொல்வாரோ, குமாஸ்தாவுக்கு எட்டியது இவ்வளவுதான்.

கை ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் பழைய வேட்டியை வெட்டினீர், பிறகு தலையணை உறை. ஒன்றரை வருடம் மதுரைக்குப் போய்வந்த பின் பேண்ட் துணியில் கத்திரி ஓடியது. மிஷின் விற்பனைக்குப் போகவில்லை. ரவிக்கைத் துணியை மட்டும் உம் வீட்டுக்காரம்மாள் திருப்பித் தர மறுத்துவிட்டார். "ஒங்க வெட்டைவிட என் வெட்டு சுத்தம்" என்றார். நீரும் ஒப்புக்கொண்டீர். கடைசி வரைக்கும் யாராவது பின்னால் வந்து நின்றால் மட்டும் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, "முன்னால வாரும்வே" என்பீர்.

எனக்கும் அதில் ஒன்று ஒட்டிக்கொண்டது. கேஸோடு கட்சிக்காரர்கள் வந்தால், நடந்ததை நடந்தபடி முதலில் சொல்லுங்கள் என்று விட்டுவிடுவேன். நேரமாகிறது என்று வக்கீல் சத்தம் போடுவார். போடட்டும் என்று இருந்துவிடுவேன். அடுத்தவர் சொல்லை இடையில் எடுத்துக் கொடுக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் உமக்கு ஒரு பதில் பாக்கி இருந்தது. போன மாதம் உம் வீட்டுக்குப் போயிருந்தேன். என்ன தோன்றியதோ, உம் வீட்டுக்காரம்மாளிடம் சொல்லிவிட்டேன். என் அப்பா வாதம் வந்து நான்கு வருடம் படுக்கையில் கிடந்தார் அல்லவா? ஒருநாள் காலையில் துணி மாற்றிக்கொண்டிருந்தபோது, இவர் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று நினைத்தேன். அந்த மார்கழியிலேயே போய்விட்டார். உம் வரியை என்னால் படிக்க முடியவில்லை வே, அதனால்தான் அடித்தேன். சொல்லி முடித்ததும் அழுதுவிட்டேன். இந்த வயதில், உம் வீட்டு நடுக்கூடத்தில்.

அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"இவுகளுக்குத் தெரியும் அண்ணாச்சி. மதுரையில இருந்து கண்ணு வீங்கி வந்தாகளே, அன்னைக்கே சொன்னாக. 'அவருக்கும் அப்பா விஷயத்துல என்னமோ இருக்கு, அவராச் சொல்லட்டும், நீ கேட்டுராத'ன்னாக. நெடுக அப்படித்தான் சொல்லுவாக."

கேட்டிருக்கலாமே என்று உம்மேல் கோபம் வந்தது. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன் என்பதும் தெரிகிறது. எத்தனை சாயங்காலம் உம் கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் அளந்திருப்பேன். நடுவில் சில நேரம் நீர் மிஷினை நிறுத்திவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர். நூல் அறுந்துவிட்டது போலிருக்கிறது என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.