அந்த வீடியோவை அழிச்சிடு

இன்னைக்கு உன்னைக் குட்டின்னு கூப்பிட மனசு வரல.

சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிக்கோ. பதினோரு மணிக்கு பிளம்பர் வருவார். காதுல மாட்டியிருக்கிறதைக் கழட்டி வெச்சாத்தான் பெல் அடிக்கிறது கேக்கும்.

நான் கேம் ஆடிக்கிட்டே கத்துறதை ஒளிஞ்சு நின்னு வீடியோ எடுத்து, சொந்தக்காரங்க குரூப்ல போட்டிருக்கே. "அண்ணிக்கு இந்த வயசுல இது தேவையா?"ன்னு உன் சித்தப்பா கேக்குறார். அதுக்கும் நீ சிரிக்கிற பொம்மை போடுறே!

பன்னெண்டு வயசுல எனக்கு அந்த கேம்னா உயிர். ஆனா ஜாய்ஸ்டிக் எப்பவும் உன் மாமா கையில. அவன் குளிக்கப் போனாத்தான் என் முறை. கடைசிக் கோட்டையை நான் ஒரு தடவைகூடத் தாண்டினதில்ல. முப்பது வருஷம் கழிச்சு, வார்டுல நின்னு நின்னு கால் வீங்கி வந்து, அரைமணி நேரம் எனக்குன்னு ஆடினேன். அது உனக்குக் கேலியா?

நான் டியூட்டி முடிஞ்சு வர்றப்போ அது குரூப்ல இருக்கக் கூடாது.

அம்மா

வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டுல குடு.

இன்னொண்ணு. காலையில அந்தக் கோட்டையைத் தாண்டிட்டேன். உன்னை எழுப்பிச் சொல்லணும்னு உன் ரூம் வாசல் வரைக்கும் ஓடி வந்தேன். கோபம் ஞாபகம் வந்துச்சு, திரும்பிட்டேன்.