திரை என்றால் மடிப்பு

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். பள்ளியில் வினாடி வினா, கடைசிச் சுற்று. நடுவர்கள் நானும் மூத்த தமிழாசிரியர் கதிரேசனும். அவரோடு ஒரே மேஜை. தலையெழுத்து.

"நரை, திரைன்னு சொல்றமே, திரைன்னா இன்னா?" என்று கேட்டார். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் செல்வி எழுந்தாள்.

"தோலு சுருங்கி மடிப்பு மடிப்பா வுழுமே, அதுங்க சார்."

"தப்பு. வயசானா கண்ணுல திரை வுழுவுமில்ல, அது. மலையில இதெல்லாம் யாரு சொல்லித் தராங்க, உக்காரு."

சிரிப்பு. கோப்பை வேறொருவனுக்கு.

"சார், அவ சொன்னதுதான் சரி" என்றேன். மைக்கைக் கையால் பொத்தினார். "உங்களுக்குத் தெரியாதா டீச்சர்? தெனம் கண்ணாடி பாக்குறீங்கல்ல."

சுருக்கம் கழுத்தில் இருக்கிறது. கண் ஓரத்திலும். அதற்கென்ன?

ஆகஸ்ட் 6, புதன்

வெயில். தலைவலி. அகராதி பார்த்தேன். திரைதல்: சுருங்கி மடிதல். தோல் மடிந்தால் திரை. தண்ணீர் மடிந்து எழுந்தால் அலை, அதுவும் திரை. மடிப்பாகத் தொங்கும் துணியும் திரை. பால்கூடத் திரையும். எல்லாம் ஒரே வேர் என்றே படுகிறது. இத்தனை வருடம் இந்த ஆள் எதைப் படித்தார்?

தலைமையாசிரியையிடம் அகராதியைக் காட்டினேன். "ஒரு வார்த்தைக்காங்க டீச்சர்? வுடுங்களேன்."

விடுதிக் காப்பாளர் வந்து சொன்னார்: "செல்வி நேத்துலேர்ந்து சாப்புடலீங்க. வூட்டுக்குப் போறேன், இனி வரமாட்டேன்னு அழுதுகினே இருக்கா."

தலைமையாசிரியை முகம் மாறியது. நாளைக் காலை வழிபாட்டில் கதிரேசனே திருத்திச் சொல்ல வேண்டும் என்றார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

தூறல். வழிபாடு. செல்வி கடைசி வரிசையில், பை தோளில். கதிரேசன் மைக் முன்னால்: "அன்னிக்கி ஒரு சின்ன கொழப்பம். செல்விக்கும் பரிசு உண்டு." அவ்வளவுதான். நகர்ந்தார்.

மைக்கை வாங்கினேன்.

"குழப்பம் எதுவும் இல்லை. திரை என்றால் தோல் மடிப்பு. செல்வி சொன்னது சரி. சார் சொன்னது தப்பு."

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள், அப்புறம் எல்லோரும். செல்வி பையை இறக்கிக் காலடியில் வைத்தாள்.

ஆசிரியர் அறை. கதிரேசன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். "படிச்ச திமிரு" என்றார், சுவரைப் பார்த்து. டீ வந்தது. எல்லோருக்கும் ஊற்றினார்கள், எனக்கு இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வாசல் கடைக்குப் போய் நானே வாங்கிக் குடித்தேன். சர்க்கரை ஜாஸ்தி. இன்னொன்று போடச் சொன்னேன்.