பரமக்குடிக்கு ஒரு அழைப்பு

அன்புள்ள அக்கா,

பேத்திக்கு இருமல் விடவில்லை என்று நேற்று சிம்மக்கல் நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் சித்தரத்தையை உரலில் போட்டு இரண்டு தட்டுத் தட்டினார். அந்தக் காரமான வாசனை எழும்பியதும் நான் எதற்கு வந்தேன் என்பதே ஒரு நிமிடம் மறந்துபோனது. கன்னத்தில் அதில் ஒரு துண்டை ஒதுக்கிக்கொண்டு, கஞ்சி போட்ட சேலை மொடமொடக்க, எங்கள் முதுகுக்குப் பின்னால் நீங்கள் நடந்துபோவதுபோல இருந்தது. வீட்டுக்கு வந்து, மருந்தை மருமகளிடம் கொடுத்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புப் பிரிவுக்கு நீங்கள்தான் மேற்பார்வையாளர். இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஊர் ஊராக ஆட்களைத் தேடி இணைத்துக்கொண்டிருப்போம். எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே சேர்ந்தபோது எனக்கு இருபத்தொன்பது வயது. சமயநல்லூரில் கடலைக் காட்டைத் தவிர வேறெதுவும் தெரியாதவள். என் வீட்டுக்காரர் டெலிபோன் கம்பத்தில் வேலை பார்த்தவர். ஒரு மழை நாளில் கம்பத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். ஐந்து வயது மகனோடு நின்ற எனக்கு, அவருக்காக இந்த வேலையைக் கொடுத்தார்கள்.

அவர் இறந்த அன்று என்னைக் கூட்டிப்போக வந்தவர்கள், காலில் அடி, கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றார்கள். வழி நெடுக அதையே சொன்னார்கள். நானும் அவருக்கு மாற்று வேட்டி, ஒரு சொம்பில் மோர் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசலில் கூடியிருந்த கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த மோர்ச் சொம்போடு என்னை அப்படி நிற்கவைத்தவர்களை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. இதை நான் முதன்முதலில் சொன்னது உங்களிடம்தான்.

நீங்கள் இதமானவர் ஒன்றும் இல்லை. முதல் நாளே என்னை அழவைத்தீர்கள். "கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி பேசாத. கேக்குறவன் உன்னைத் தேடி எறங்கி வரமாட்டான்" என்றீர்கள். வீட்டில் நீங்கள் பேசுவது உங்கள் ஆட்களின் மொழி. பல தலைமுறைக்கு முன்னால் குஜராத்திலிருந்து வந்த நெசவுக் குடும்பம். ஆனால் எங்கள் தமிழில் ஒரு ழகரம் பிசகினால் நீங்கள்தான் திருத்துவீர்கள். அதில் உங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

மூன்றாவது மாதம் அந்த அழைப்பு வந்தது. நிலக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர், பம்பாயில் இருக்கும் தம்பியோடு அவசரமாகப் பேச வேண்டும் என்றார். இணைத்தேன். தகப்பனார் போய்விட்ட சேதி. "அப்பா" என்றதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. இந்தப் பக்கம் ஒரு அழுகை, அந்தப் பக்கம் 'என்னண்ணே, என்னண்ணே' என்ற தவிப்பு. நான் காதுக் கருவியைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்து ஓடிவிட்டேன். நீங்கள் என் நாற்காலியில் உட்கார்ந்து அந்த அழைப்பை முடித்துவைத்துவிட்டு, குழாயடியில் நின்ற என்னிடம் வந்தீர்கள். திட்டப்போகிறீர்கள் என்று நினைத்தேன்.

"கெட்ட சேதியை நீ மாத்த முடியாது. ஆறுதல் சொல்லவும் வேணாம். லைன்ல நில்லு. அந்த மனுசன் பேச முடியாமத் தவிக்கிறப்ப லைனு அறுந்துபோச்சுன்னா, அவனுக்கு ரெண்டு சாவு" என்றீர்கள்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னீர்கள். இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டால் நம் பக்கத்து விசையைத் தள்ளி, நம் காதை எடுத்துவிட வேண்டும். அதுவரை நிற்பது நம் வேலை, அதற்கு மேல் நிற்பது களவு.

ஐந்து வருடம் உங்களுக்குக் கீழே வேலை பார்த்தேன். மேடம் என்று கூப்பிட்டவள் எப்போது அக்கா என்று மாறினேன் என்று நினைவில்லை. என் மகன் பள்ளிக்கூடம் விட்டதும் உங்கள் வீட்டுக்குத்தான் போவான். கீழவாசல் பக்கத்துச் சந்தில், கீழே உங்கள் தம்பியின் ஜவுளிக்கடை, மாடியில் நீங்கள் எல்லாரும். நீங்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உங்களுக்குப் பரமக்குடியில் ஒரு அக்கா உண்டு என்பதையே வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தேன். அவர் பார்த்துவைத்த மாப்பிள்ளையை நீங்கள் வேண்டாம் என்று சொல்ல, பேச்சு வளர்ந்து, பதினோரு வருடம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரையெல்லாம் இணைத்துவைக்கிற உங்களுக்கு அது ஒரு குத்தல்தான். நாங்கள் யாரும் அதைத் தொடமாட்டோம்.

எண்பத்திரண்டு வாக்கில், ஐப்பசி மழையில், உங்களுக்கு வயிற்று வலி வந்தது. அதற்கு முன்பே இருந்திருக்கும், நீங்கள் சொல்லவில்லை. டாக்டர் உங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு, தம்பியையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். கட்டி முற்றிவிட்டது, நாலு மாதம், மிஞ்சினால் ஐந்து என்றார். படியிறங்கும்போது தம்பி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அக்காவுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் அன்றைக்கே போய்விடுவாள், சத்தியம் பண்ணுங்கள் என்றார். நானும் பண்ணினேன்.

குடல் புண் என்று உங்களிடம் சொன்னோம். இரண்டு வாரம் அந்த வீட்டில் எல்லாரும் நடித்தோம். தம்பி மனைவி சிரித்துக்கொண்டே கஞ்சி கொடுப்பார், அடுப்படிக்குப் போய் அழுவார். நான் ஆபீஸ் கதைகளாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வருவேன். நீங்கள் எங்கள் முகங்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். குரலை வைத்தே ஆளை எடைபோடுகிற உங்களிடம், என் குரல் எத்தனை நாள் நிற்கும்?

ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. நான் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

குடல் புண் என்று வாயெடுத்தேன். வரவில்லை. மோர்ச் சொம்போடு நின்ற அந்தப் பெண்தான் என் கண்முன் வந்தாள். உங்களையும் அப்படி ஒரு வாசலில் கொண்டுபோய் நிறுத்தப்போகிறோம் என்று தோன்றியது. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கட்டி என்றேன், முற்றிவிட்டது என்றேன்.

"எம்புட்டு நாளாம்?"

அதையும் சொன்னேன். சொல்லிவிட்டு எழுந்துபோகாமல் அங்கேயே இருந்தேன். சந்தில் ஒரு சைக்கிள் ரிக்சா மணியடித்துக்கொண்டு போனது. நீங்கள் தண்ணீர் கேட்டுக் குடித்தீர்கள்.

"நல்லவேளை சொன்ன. எல்லாரும் சிரிக்கிறீங்க, எனக்கு மட்டும் செத்துப்போற மாதிரி வலிக்குது. எனக்குத்தான் புத்தி பெரண்டுருச்சோன்னு பயந்துட்டேன்."

அழுதீர்கள்தான். நானும் அழுதேன். ஆனால் இரண்டு வாரமாக அந்த அறையில் இல்லாத ஏதோ ஒன்று திரும்பி வந்ததுபோல் இருந்தது.

தம்பிக்குத் தெரிந்ததும் கடை வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார். அவர் கத்தவில்லை. "நீங்க சத்தியம் பண்ணினவங்க, இனி இந்தப் படி ஏற வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். பத்து நாள் நான் வரவில்லை. செய்தது சரிதானா என்று தினமும் என்னையே கேட்டுக்கொண்டேன். வேறு யாரிடம் கேட்பது? கேட்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள், உங்களிடம்தான் வர முடியாது.

பதினோராம் நாள் காலை, பதினோரு மணியிருக்கும். என் முன்னாலிருந்த இணைப்புப் பலகையில் விளக்கு எரிந்தது. எடுத்தால் உங்கள் குரல். மெலிந்திருந்தது, ஆனால் உடையவில்லை. தம்பி உங்களைத் தூக்கிவந்து கடையில் போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்.

"பரமக்குடிக்கு ஒரு கால் போடு. எங்க அக்கா வீட்டுக்கு அடுத்த நூல்கடை நம்பர். ஆளை வரச்சொல்லிக் கூப்பிடணும்" என்றீர்கள்.

போட்டேன். நூல்கடைக்காரர் ஆள் அனுப்பினார். ஆள் திரும்பி வந்து, அந்தம்மா வரமாட்டேன் என்கிறார், யார் பேசுவதென்று தெரிந்ததும் கதவைச் சாத்திவிட்டார் என்றார். நீங்கள் அந்தப் பக்கம் காத்திருக்கிறீர்கள். எனக்கு ஆத்திரம் வந்தது, பயமும் வந்தது. கடைக்காரரிடம் சொன்னேன்:

"அண்ணே, மறுபடி ஒரு தடவை போகச் சொல்லுங்க. அவங்க தங்கச்சி உடம்பு முடியாம லைன்ல உக்காந்திருக்காங்கன்னு சொல்லச் சொல்லுங்க. எம்புட்டு நேரமானாலும் நான் போனை வெக்கமாட்டேன்."

அன்று என் முன்னால் மற்ற அழைப்புகள் குவிந்தன. பக்கத்து நாற்காலிப் பெண்கள் ஒன்றும் கேட்காமல் அவற்றைத் தங்கள் பக்கம் வாங்கிக்கொண்டார்கள். இடையில் நீங்கள் ஒருமுறை, "வரமாட்டா, விட்டுரு" என்றீர்கள். நான் விடவில்லை. கடைசியில் அந்த முனையில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு வயதான பெண்குரல் மூச்சிரைக்க உங்கள் மொழியில் ஏதோ ஒரே ஒரு வார்த்தை சொன்னது. நீங்கள் பதில் சொன்னீர்கள். நான் என் பக்கத்து விசையைத் தள்ளிவிட்டேன்.

கேட்டிருந்தாலும் எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது, அக்கா. ஆனாலும் கேட்கவில்லை. ஒரு அழைப்புக்கு உண்டான மூன்று நிமிடம் முடிந்தது, நீட்டினேன். மறுபடி நீட்டினேன். விளக்கு அணைந்தபோது ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

மறுநாளே உங்கள் அக்கா ஒரு பையும் தூக்குவாளியுமாகப் பஸ் ஏறி வந்துவிட்டார். வந்தவர் கட்டிப்பிடிக்கவில்லை. தலையை இப்படியா சிக்கு விழவிடுவது என்று உங்களைத் திட்டினாராம். தம்பிதான் எனக்கு அதைத் தமிழில் சொன்னார். அதைச் சொல்ல அவரே ஆபீஸ் வாசலுக்கு வந்திருந்தார். "வீட்டுக்கு வாங்க, அக்கா தேடுது" என்றார். அன்று சாயங்காலமே அந்தப் படி ஏறினேன்.

மாசி வரை இருந்தீர்கள். அந்த மூன்று மாதத்தில் வலி குறையவில்லை. சில நாள் எங்களைப் பார்க்கவே பிடிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வீர்கள். சில நாள் அழகர்கோவில் மலைக்காற்று வேண்டும் என்பீர்கள். ஒருநாள் வாடகைக் கார் பிடித்துக் கூட்டிப்போனோம். மலையடியில் குரங்குகளைப் பார்த்து நீங்களும் உங்கள் அக்காவும் எதற்கோ அப்படிச் சிரித்தீர்கள். திரும்பி வரும்போது அவர் மடியில் தூங்கிவிட்டீர்கள்.

கடைசியாக நீங்கள் என்னைத் திட்டியது மேற்பார்வையாளர் தேர்வு விண்ணப்பத்துக்காக. நீங்கள் இப்படிப் படுத்திருக்கும்போது உங்கள் நாற்காலிக்கு எப்படி எழுதிப்போடுவேன் என்று தயங்கினேன்.

"நான் சாகப்போறேன். நீ எங்க போற?" என்றீர்கள். "நாற்காலி சும்மா கெடந்தா யாராவது கெணத்துக்குள்ள பேசுறவ வந்து உக்காந்துருவா. எழுது."

கட்டில் சட்டத்தில் வைத்தே எழுதினேன். மூன்று எழுத்துப்பிழை கண்டுபிடித்துத் திருத்தினீர்கள். தேர்வு முடிவு வந்தபோது நீங்கள் இல்லை. இருபத்தோரு வருடம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றேன். நன்றாகவே செய்தேன். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

போன வாரம் என் இதயத்தில் ஒரு அடைப்பு என்று கண்டுபிடித்தார்கள். டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மகனை உள்ளே அழைத்தார். நான் எழுந்து அவன் கூடவே போய், இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எது இருந்தாலும் என்னிடமே சொல்லுங்கள் தம்பி என்றேன். அந்த டாக்டர் பிள்ளை படத்தை என் பக்கம் திருப்பி எல்லாவற்றையும் விளக்கினார். ஆபரேஷன் வியாழக்கிழமை. பிழைக்க வாய்ப்பு நிறைய, பிழைக்காமல் போகவும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. நான் நாலு கேள்வி கேட்டேன், நாலுக்கும் பதில் வாங்கினேன்.

வெளியே வந்ததும் மகன் வண்டியை எடுக்காமல் நின்றான். ஐம்பது வயது தாண்டியவன், சாவியைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தான்.

"அம்மா, பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்குடா" என்றேன். "ஆனா அதை உங்கிட்ட ஒளிக்க வேண்டியதில்லைல்ல. அதனால தாங்குது. வண்டியை எடு, பசிக்குது."